வெஸ்னாத்: பகடை யார் கையில் இருக்கிறது?

‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்பது டேவிட் ஒயிட் 2003இல் தொடங்கிய, இன்றுவரை தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கிற, முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அறுகோணக் கட்டங்களும் படை வீரர்களும் பார்க்க எளிமையானவை. படங்களின் தரத்துக்காக இதை யாரும் நாடுவதில்லை. இதை நேசிப்பவர்களும் வெறுப்பவர்களும் சொல்லும் காரணம் ஒன்றே, அது அதிர்ஷ்டம்.

ஒவ்வோர் அடியும் படுமா தவறுமா என்பதை எதிரி நிற்கும் நிலம் முடிவு செய்கிறது. சமவெளியில் நிற்கும் ஈட்டி வீரர் மீது 60 சதவீதமும் கோட்டைக்குள் நிற்பவர் மீது 40 சதவீதமும் வாய்ப்பு உண்டு. மந்திரவாதியின் அடிக்கு மட்டும் நிலம் எதுவானாலும் 70 சதவீதம். தாக்கும் முன்பே இந்தக் கணக்கை முழுமையாகத் திறந்து காட்டும் நேர்மை இந்த விளையாட்டின் பெரும் பலம். ஒப்பிட்டால், ‘ஃபயர் எம்ப்ளம்’ என்ற இன்னொரு போர் விளையாட்டு வரிசையில் 2002 முதல் பல ஆட்டங்கள் தற்செயலாக எடுத்த இரண்டு எண்களின் சராசரியை எடுத்துக்கொண்டு, 70 என்று காட்டிவிட்டு உண்மையில் 80க்கும் மேலான வாய்ப்பைத் தருகின்றன. அந்த இனிய பொய்க்குப் பழகியவர்களுக்கு வெஸ்னாத்தின் உண்மையான 70 கொடுமையாகத்தான் தெரியும். ஒரு தாக்குதலில் மந்திரவாதி அடிக்கும் மூன்று அடிகளும் தவறுவதற்கு 2.7 சதவீத வாய்ப்புதான் என்றாலும், ஓர் ஆட்டத்தில் நாற்பது முறை அவரைக் கொண்டு தாக்கினால் ஒருமுறையாவது அப்படி நடக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

தனியாக ஆடும்போது சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போகத் தடையில்லை. வழக்கமான அமைப்பில் மீண்டும் ஏற்றினால் பகடையும் புதிதாக உருளும். தாயம் விழும்வரை கட்டையை உருட்டிக்கொண்டே இருக்கலாம். முக்கியமான ஒரு தாக்குதலுக்காக நான் ஆறு முறை அப்படிச் செய்ததுண்டு, வென்ற பிறகு அந்த வெற்றியில் சுவையே இல்லை. 1.18 பதிப்பில், கதையாகத் தொடரும் ஆட்டங்களைக் கொண்ட தொடர் போரைத் தொடங்கும்போதே, திரும்ப ஏற்றினாலும் அதே செயலுக்கு அதே முடிவைத் தரும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தாக்கும் வரிசையை மாற்றினால் பகடை எண்கள் வேறு வீரர்களுக்குப் போய்விடும் என்பதால் அழுகுணி ஆட்டத்துக்கு அங்கும் ஒரு சந்து இருக்கிறது. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் இன்னொரு முறையும் உண்டு. தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

இணையத்தில் எதிராளியுடன் ஆடும்போது நிலைமை வேறு. பகடை இரு தரப்பின் கணினியிலும் இல்லாமல் சேவையகத்திடம் இருப்பதால், முடிவை முன்கூட்டியே அறிய வழியில்லை. நகர்வைத் திரும்பப் பெறும் வசதி உண்டு. சண்டை நடந்துவிட்டாலோ எதிரிப் படையை மறைக்கும் மூடுபனிக்குப் பின்னால் இருந்தது தெரிந்துவிட்டாலோ அது பூட்டிக்கொள்ளும். எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதை நடுவர் இல்லாமலே தடுக்கும் இந்தச் சிறு விதியை வகுத்தவர்களின் கவனம் பாராட்டத்தக்கது. குறையென்றால், தலைவர் இறந்தால் தோல்வி என்ற விதியால், நீண்ட நேரம் கவனமாக ஆடிய ஆட்டம் இரண்டு மூன்று அடிகளில் முடிந்துவிடலாம் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் திறக்கக்கூடிய புள்ளிவிவரச் சாளரம், எதிர்பார்க்கப்பட்ட சேதத்தையும் உண்மையில் விளைந்த சேதத்தையும் அருகருகே காட்டுகிறது. சென்ற வாரம் தோற்ற ஆட்டத்துக்குப் பகடையைப் பழித்துக்கொண்டே அதைத் திறந்தேன். என் அடிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பட்டிருந்தன. பகலில் கால் பங்கு வலிமை இழக்கும் ஓர்க்கு என்னும் அரக்க வீரர்களைப் பட்டப்பகலில் சமவெளிக்கு நடத்திச் சென்றவன் நான்தான்.