அம்பாசடரில் கரண்ட் பிரச்சினை: பாயிண்டிலிருந்து மாட்யூல் வரை

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய வியாதிதான். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். நன்றாகச் சூடேறியதும் மிஸ் அடிக்கும், மேடு ஏறும்போது திக்கும், சிக்னலில் ஆஃப் ஆகும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். யாரைக் கேட்டாலும் "பெட்ரோல் லாக் சார், பம்ப் மேல ஈரத்துணி போடுங்க" என்பார்கள், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டதாம். துணி போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பிளக்கில் பொறி விழ உயர் அழுத்தக் கரண்ட் தரும் காயிலும் ஆறிவிடுவதால் நல்ல பெயர் துணிக்குப் போய்விடுகிறது.

என்னுடையது மார்க் 4, 1489 சிசி இன்ஜின். இதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: வண்டி நின்ற அந்த நிமிடமே கரண்ட், அதாவது பொறி, சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் (கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) மூடியிலிருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட குறடால் இன்ஜின் பாடியிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டக் டக்கென்று நீலமாகப் பாய்ந்தால் காயில், பாயிண்ட் (காயில் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது) மூன்றையும் சந்தேகப்படாமல் விட்டுவிடலாம். எனக்கு மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது. மூடியைத் திறந்தால் பாயிண்ட் கருகி, ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் மேடு. கெட்டுப்போன கண்டென்சரின் வேலை அது. எமரி பேப்பரால் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான்.

இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர்களை நான் அதிகம் நம்புவதில்லை. புதிதாக மாட்டியது ஒன்று சூடானதும் படுத்துவிட்டது. வேலை செய்யும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). அதை வைத்த பிறகுதான் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இடைவெளி கூடினால் டைமிங்கும் அட்வான்ஸ் ஆகிவிடும், பொறி முன்கூட்டியே விழும்.

நடு ஒயரில் நல்ல கரண்ட் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், மூடிக்குள் சுழன்று கரண்டைப் பங்கிடும் ரோட்டரைச் சந்தேகப்படுங்கள். மூடியைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, அதே ஒயரை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு பாயிண்டைத் திறந்து மூடுங்கள். தகட்டுக்குப் பொறி தாவினால் ரோட்டர் உள்ளே லீக் ஆகிறது என்று அர்த்தம். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும், அதுதான் வம்பு. இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு பாட்டுக் கேட்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சும்மாவே கொதிக்கும்.

கடைசியில் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டுவிட்டேன். அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும், காயிலுக்கு இரண்டு ஒயர். சில வருடங்களாகியும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுக்கவில்லை. ஆனால் பாயிண்ட் சாகுமுன் திக்கித் திணறிச் சொல்லும். மாட்யூல் சொல்லாமல் போகும், ரோட்டில் பழுது பார்க்கவும் முடியாது. அதனால் பழைய பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் டேஷ்போர்டில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம், பாயிண்டே போதும். மைலேஜ் கூடுமா என்று கேட்கிறார்கள்: எனக்குக் கூடவில்லை. ஐட்லிங் சீரானது, அது நிஜம்.