18 ட்யூப் பெட்டியில் 7 போதும்

கோவை, திருப்பூர், ஈரோடு ஸ்டேஷனரி கடைகளில் எங்கும் கிடைப்பது ஸ்டூடண்ட் கிரேடு (பழகுபவருக்கான மலிவு ரகம்) வாட்டர்கலர் பெட்டி. 18 ட்யூப், ஒவ்வொன்றும் 5 மில்லி. நிலக்காட்சியும் முகமும் வரையப் பழகுபவருக்கு இது தாங்குமா என்றால், தாராளமாகத் தாங்கும். ஆனால் 11 ட்யூப்பை மூடியே திறக்காமல் ஓரங்கட்ட வேண்டும்.

கையில் வேண்டியவை லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஸ்கார்லெட் (பளிச் சிவப்பு), கிரிம்சன் (ஊதா ஓடிய சிவப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் (ஊதா ஓடிய நீலம்), பிரஷ்யன் புளூ (அடர் நீலம்). முதலில் கழிய வேண்டியது கறுப்பு, அடுத்து வெள்ளை. பெட்டிக்குள் இலவசமாக வரும் பிரஷ் கோலப்பொடி தட்டக்கூட உதவாது. 8, 12 நம்பர் ரவுண்டு பிரஷ் இரண்டும், ஓர் அங்குல பட்டை பிரஷ் ஒன்றும் தனியாக வாங்குங்கள்.

பச்சை ட்யூப்களை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதற்குப் பொள்ளாச்சித் தோப்பு ஒன்றே போதும். ட்யூப்பிலிருந்து நேராக எடுத்த சாப் கிரீனில் தென்னை வரைந்தால் பிளாஸ்டிக் மாலை மாதிரி நிற்கும். வெயில் ஊடுருவும் ஓலையில் மஞ்சள்தான் அதிகம்: லெமன் யெல்லோ நான்கு பங்குக்கு பிரஷ்யன் புளூ ஒரு பங்குக்கும் குறைவு, அதோடு துளி பர்ன்ட் சியன்னா. நீலத்தில் மஞ்சளைக் கொட்டாதீர்கள், மஞ்சளில்தான் நீலத்தைத் தொட வேண்டும். பிரஷ்யன் புளூ எதையும் விழுங்கிவிடும். தூரத்துத் தோப்புக்கு ஆக்கரும் அல்ட்ராமரினும் போதும், சாம்பல் ஓடிய பச்சை வரும். காலை நேர வெள்ளியங்கிரி மலைக்கு நிறையத் தண்ணீரில் அல்ட்ராமரின், கிரிம்சன் சாயல் மட்டும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) பச்சையே கொஞ்சம்தான். காய்ந்த புல்லுக்கு ஆக்கர், செம்மண்ணுக்கு பர்ன்ட் சியன்னாவோடு சிறிது ஸ்கார்லெட், பனைமரத் தண்டுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும்.

இந்தக் கடைசிக் கலவையை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், முகத்துக்கும் அதுதான் நிழல். அதனால்தான் முதல் ஆறு மாதம் நிலக்காட்சி, பிறகு முகம் என்கிறோம். கோவையில் 1911இல் பிறந்து, பிற்பாடு சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரும் ஆரம்பத்தில் வாட்டர்கலர் நிலக்காட்சிகள் வரைந்தவர்தான்.

சில வகை வண்ணப் பெட்டிகளில் ‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று இளஞ்சிவப்பு ஒன்று வரும். யாருடைய தோலோ, நம்மூர்ச் சந்தையில் அப்படியொரு முகம் கிடையாது. உருமா (தலைப்பாகை) கட்டிய கருத்த முகத்துக்கு மூன்று பூச்சு வேண்டும். முதலில் ஆக்கரும் ஸ்கார்லெட்டும் நீர்க்க, நெற்றி மேட்டையும் மூக்குத் தண்டையும் வெள்ளைக் காகிதமாகவே விட்டு. அடுத்து கன்னம், காது, கழுத்துக்கு பர்ன்ட் சியன்னாவும் கிரிம்சனும். கடைசியாகக் கண்குழிக்கும் தாடைக்கு அடியிலும் அந்தப் பனைத்தண்டுக் கலவை. கருத்த தோலில் மினுக்கு வெள்ளையாக இருக்காது, வானத்து நீலம் ஏறியிருக்கும். விட்டு வைத்த வெள்ளை மேல் அல்ட்ராமரின் தண்ணீரை ஒருமுறை ஓட்டினால் முகம் உருண்டு வந்துவிடும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம். அவசரப்பட்டால் கீழ்ப்பூச்சு கலைந்து சேறாகும்.

பெட்டியின் பெரிய குறை கிரிம்சன். பழைய அலிசரின் வகை (லேபிளில் நிறமிக் குறியீடு பி.ஆர்.83) வெளிச்சத்தில் வெளிறும், முகத்தில் முதலில் செத்துப்போவது கன்னம்தான். பட்டையாகத் தீட்டிப் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிப் பாருங்கள். வெளிறினால் ஆர்டிஸ்ட் கிரேடில் (ஓவியர்களுக்கான உயர் ரகம்) பி.வி.19 என்று எழுதியிருக்கும் ஒரே ஒரு ட்யூப் வாங்கிக்கொள்ளலாம். மலிவு வண்ணங்களில் நிரப்புப் பொடியும் அதிகம், ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து காய்ந்ததும் பால் கலந்த மாதிரி மங்கும். ஒரு படி கூடுதலாகவே போடுங்கள். அழுத்தியதும் நிறமில்லாத பசை மட்டும் வந்தால் ட்யூப்பை விரலால் பிசைந்து, ஒருநாள் தலைகீழாக நிறுத்துங்கள். மூடி ஒட்டிக்கொண்டால் சுடுதண்ணீரில் அரை நிமிடம்.

மிச்சமாகும் காசைக் காகிதத்தில் போடுங்கள். சாதா டிராயிங் ஷீட் இரண்டாம் பூச்சிலேயே நெளியும், தேய்த்தால் திரித்திரியாக எழும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நூறு சதம் பருத்திக் காகிதம் என்றால் மூன்று பூச்சையும் தாங்கும்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் உட்கார்ந்தால் வானத்துப் பூச்சு பாதி போவதற்குள் காய்ந்து கோடு விழும். காகிதத்தை இருபுறமும் நனைத்துக்கொள்ளுங்கள், கலக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விடுங்கள். போர் உப்புத் தண்ணீர் வேண்டாம், அடர் பூச்சில் வெள்ளைப் படலம் தங்கலாம். குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துப் போனால் போதும். காகிதத்தின் மேல் வெயில் விழாதபடி வேலமரத்து நிழலில் உட்காருங்கள். நேர்வெயிலில் எல்லாம் வெளிறித் தெரிவதால் கை தானாக அடர்த்தியாகப் போட்டுவிடும், வீட்டுக்கு வந்து பார்த்தால் பகல் காட்சி அந்தியாகியிருக்கும்.