ஈரநிலத்து ஸ்கல்கேப் செடி: இரண்டு விதைப் பொதிகளும் ஒரு நாற்றுப்பண்ணையும்

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயின் வாய்க்கு அருகே, கோடையிலும் ஈரம் காயாத ஒரு மூலை இருக்கிறது. காலை பதினொரு மணி வரை அங்கே வெயில் விழும். அதன் பிறகு வேலியின் நிழலும் அயல்வீட்டு மேப்பிள் மரத்தின் நிழலும் அந்த இடத்தை மூடிக்கொள்ளும். கத்தரியையும் மிளகாயையும் அங்கே வைத்து இரண்டு ஆண்டுகள் வேரழுகலில் இழந்த பிறகு, அந்த ஈரத்தையே விரும்பி வளரக்கூடிய செடி எது என்று தேடத் தொடங்கினேன். அப்படித் தேடியபோது அறிமுகமானதுதான் ஸ்கல்கேப். 2022 முதல் இதன் விதையை இரண்டு இடங்களிலும் கன்றை ஓரிடத்திலும் வாங்கி வளர்த்திருக்கிறேன். வாங்க எண்ணுபவர்கள் நான் இழந்த ஓர் ஆண்டை இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த மூன்று கொள்வனவுகளையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் சிக்கல் முழுவதும் பெயரிலிருந்தே தொடங்கியது. ஸ்கல்கேப் என்பது தனியொரு செடியின் பெயர் அன்று. துளசியும் தும்பையும் சேர்ந்த குடும்பத்திலே ஸ்கூட்டெல்லாரியா என்ற பேரினம் ஒன்று இருக்கிறது. அதில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் பரந்துள்ளன, நீலகிரியிலும் காட்டுச் செடியாக வளரும் இனம் உண்டு. பூவைத் தாங்கும் புல்லிவட்டத்தின் முதுகில் சிறு தட்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல ஒரு புடைப்பு இருப்பதால், சிறு தட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஸ்கூட்டெல்லாரியா என்ற பெயர் வந்தது. அதே புடைப்பைத் தலைக்கவசமாகப் பார்த்த ஆங்கிலேயர் அதற்கு ஸ்கல்கேப் என்று பெயரிட்டார்கள். என் மூலைக்கு ஏற்றது ஸ்கூட்டெல்லாரியா லேட்டரிஃப்ளோரா என்னும் வட அமெரிக்க இனம். ஒன்ராறியோவின் ஓடைக்கரைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் அது தானாகவே வளர்கிறது. மூலிகைக் கடைகளில் இதே பெயரில் பெரிதும் பேசப்படும் மற்றொன்று, சீன மருத்துவத்தில் வேருக்காக வளர்க்கப்படும் ஸ்கூட்டெல்லாரியா பைக்கலென்சிஸ். பைக்கால் ஏரியைச் சுற்றிய பகுதிகளுக்கும் மங்கோலியாவுக்கும் வட சீனாவுக்கும் உரிய அந்தச் செடி நல்ல வெயிலையும் நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணையும் கேட்பது. ஒன்றின் தேவை மற்றதற்கு நேர் எதிரானது.

2022 மாசி மாதத்தில் நான் இணையத்தில் வாங்கிய முதற்பொதி இந்த வேறுபாட்டை முழுவதுமாக மறைத்திருந்தது. பொதியின் முகப்பில் ஸ்கல்கேப் என்ற ஒற்றைச் சொல்லும், கிளையின் ஒரு பக்கமாக வரிசைகட்டிய சிறிய நீலப் பூக்களின் படமும் மட்டுமே இருந்தன. தாவரவியற் பெயர் எங்கும் இல்லை. பின்புறத்தில் “குளிரில் வைக்கத் தேவையில்லை, நேரடியாக விதைக்கலாம்” என்று அச்சிட்டிருந்தார்கள். அன்று அந்த வரியைப் படித்து மகிழ்ந்தேன். இன்று அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். விதைகள் பத்து நாளுக்குள் நன்றாகவே முளைத்தன. ஆனால் வளர்ந்த கன்றுகளின் இலைகள் வேல்போல ஒடுங்கி, விளிம்பில் ஒரு பல்லும் இல்லாமல், காம்பே இல்லை என்று சொல்லத்தக்க வகையில் தண்டோடு ஒட்டியிருந்தன. லேட்டரிஃப்ளோராவின் இலையோ முட்டை வடிவில், விளிம்பெல்லாம் பற்களோடு, தெளிவான காம்புடன் இருக்க வேண்டும். பொதியில் இருந்தது பைக்கலென்சிஸ் என்பது ஆடி மாதத்தில்தான் எனக்கு உறுதியானது. அதற்குள் அவற்றை ஈர மூலையில் நட்டுவிட்டேன். அடுத்த வசந்தத்தில் பனி உருகியபோது ஒரு கன்றும் மிஞ்சவில்லை. தோண்டிப் பார்த்தபோது மஞ்சள் நிற வேர்கள் கையில் கூழாகக் கரைந்தன.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். இரண்டுமே ஸ்கல்கேப் என்பதால் தவறு எதுவும் இல்லை என்றும், விரும்பினால் இன்னொரு பொதி அனுப்புவதாகவும் பதில் வந்தது. விதையில் குறையில்லை என்பதையும், அச்சிட்ட விதைப்பு முறை உள்ளே இருந்த இனத்துக்குச் சரியானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் ஓர் இனத்தின் படத்தை முகப்பில் போட்டு மற்றோர் இனத்தின் விதையை உள்ளே வைப்பது சிறு கவனக்குறைவு அன்று. இந்தச் செடியைப் பலரும் மருந்துக்காக வாங்குகிறார்கள். ஒன்றில் இலையும் தண்டும் பயன்படும், மற்றதில் வேர் பயன்படும். அந்தப் பொதியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது பொதியை 2023 தை மாதத்தில், உள்ளூர்க் காட்டுத் தாவரங்களின் விதைகளை மட்டும் சேகரித்து விற்கும் சிறிய முயற்சி ஒன்றிடம் வாங்கினேன். நான்கு டொலர் விலை. வெறும் பழுப்புக் காகிதப் பொதிதான், படம்கூட இல்லை. ஆனால் தாவரவியற் பெயர் முழுமையாக இருந்தது. விதை சேகரித்த ஆண்டும் மாவட்டமும் இருந்தன. அறுபது நாள் ஈரக் குளிரில் வைக்க வேண்டும், மண்ணின் மேற்பரப்பில் மூடாமல் விதைக்க வேண்டும், முளைக்க வெளிச்சம் வேண்டும் என்ற மூன்று குறிப்புகளும் இருந்தன. ஒரு விதைப் பொதியில் இதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அவர்கள் சொன்னபடியே செய்தேன். விதைகளைக் கழுவிய மணலோடு கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு நனைத்து, சிறிய பிளாஸ்டிக் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். சித்திரைத் தொடக்கத்தில் எடுத்து, ஈரமான நாற்றுக்கலவையின் மேல் மணலோடு சேர்த்துத் தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட்டு, சாளரத்தருகே வைத்தேன். மேலே மண் போட வேண்டும் என்று கை துடிக்கும். வெந்தயமும் கீரையும் விதைத்துப் பழகிய கைக்கு விதையை வெளியே விட்டுவைப்பது கடினம். ஆனால் போடக் கூடாது. மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும் என்பதால், தட்டில் நீர் விட்டுக் கீழிருந்தே உறிஞ்சச் செய்தேன். பதினாறாம் நாள் முதல் முளை தெரிந்தது. எண்ணி விதைத்த நாற்பதில் இருபத்து மூன்று முளைத்தன. காட்டு விதைக்கு அது நல்ல கணக்கு என்றே கருதுகிறேன். முதல் மாதம் கன்றுகள் மிக மெதுவாக வளர்ந்தன. வைகாசியில் வரும் விக்டோரியா தின விடுமுறை வாரஇறுதி கழிந்து, இரவுக் குளிர் தணிந்த பின் வெளியே நட்டேன். ஓடில்லா நத்தைகள் முதல் வாரத்திலேயே ஏழு கன்றுகளைத் தின்றுவிட்டன. மற்றவை ஒரு சாண் உயரத்தைத் தாண்டிய பிறகு அவற்றை நத்தைகள் தொடவில்லை.

நத்தைகள் தந்த கவலையில்தான், அதே மாதம் ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சென்று இரண்டு கன்றுகள் வாங்கினேன். உள்ளூர்த் தாவரங்களையே வளர்த்து விற்கும் அந்தப் பண்ணை, வைகாசியிலும் ஆனியிலும் வாரஇறுதி நாட்களில் மட்டும் திறந்திருப்பது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். பத்துச் சென்ரிமீற்றர் சாடியில் ஒரு கன்று ஏழு டொலர். பெரிய கடைகளின் பூத்துக் குலுங்கும் சாடிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே இருப்பவை ஏமாற்றமாகவே தோன்றும்: நான்கு மெலிந்த தண்டுகள், சில இலைகள், பூ எதுவும் இல்லை. ஆனால் அங்கிருந்த பெண்மணி பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எங்கள் தோட்டத்தில் மழைக்குப் பின் எத்தனை நாள் ஈரம் நிற்கிறது, வெயில் எப்போது விழுகிறது என்று கேட்டார். பிறகு சாடியைக் கவிழ்த்துக் கன்றை உருவி, மண்ணின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த வெள்ளை நிற நிலத்தடித் தண்டுகளைக் காட்டி, செடி பரவுவது இவற்றால்தான் என்றார். மேலே மெலிந்திருந்த கன்றின் உண்மையான வலிமை அங்கேதான் இருந்தது. செடியை அறிந்தவர்களிடம் வாங்குவதன் பெறுமதியை அந்த ஐந்து நிமிடங்களில் உணர்ந்தேன்.

பண்ணையில் வாங்கிய இரண்டு கன்றுகளும் அந்த ஆண்டே முழங்கால் உயரம் வளர்ந்து, ஆவணி மாதத்தில் பூத்தன. விதையிலிருந்து வளர்ந்தவை அந்த ஆண்டில் ஒரு சாணுக்குச் சற்று மேலே நின்று, இரண்டு மூன்று கிளைகளில் மட்டும் பூத்தன. 2024இல் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அவசரம் இல்லாதவருக்கு நான்கு டொலர் விதை போதும். முதல் ஆண்டிலேயே பூப் பார்க்க விரும்புபவரும், நத்தைகளோடு போராட இயலாதவரும் கன்று வாங்கலாம்.

பண்ணையைப் பற்றி ஒரு குறையும் உண்டு. கன்றோடு பெயர்ப்பலகை மட்டுமே தருகிறார்கள், வளர்ப்புக் குறிப்பு எதுவும் தருவதில்லை. இந்தச் செடி குளிர்காலத்தில் தரைக்கு மேலே தடமே இல்லாமல் மடிந்துவிடும். வசந்தத்தில் மற்றெல்லாம் துளிர்த்த பின்னரே தலை காட்டும். 2024 வைகாசி முதல் வாரத்தில் அந்த மூலை வெறும் மண்ணாகக் கிடந்ததைக் கண்டு, செடிகள் பட்டுப்போய்விட்டன என்று எண்ணி மண்வெட்டியோடு நின்றேன். ஒரு பிடி மண்ணைக் கையால் விலக்கியபோது வெள்ளைத் தண்டின் நுனியில் ஊதா நிற முளையைக் கண்டிருக்காவிட்டால் எல்லாவற்றையும் கொத்திப் போட்டிருப்பேன். ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால் அந்தப் பதைப்பு தேவைப்பட்டிருக்காது.

பூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தும்பைப் பூவை இன்னும் சிறிதாக்கி, வெளிர்நீலம் ஏற்றியதுபோல, ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான நீளத்தில், கிளையின் ஒரே பக்கம் பார்த்தபடி இரட்டை இரட்டையாகப் பூக்கின்றன. குனிந்து பார்க்காதவர் கண்ணில் படாது. உடல் மின்னும் சிறிய பச்சைத் தேனீக்கள் மட்டும் காலை முழுவதும் அதை விட்டு நகர்வதில்லை. எங்கள் அம்மா வந்து பார்த்தபோது, நாற்கோணத் தண்டையும் எதிரெதிரான இலைகளையும் கண்டு, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, “துளசிச் சாதிதான், ஆனால் வாசத்தைக் காணேல்லையே பிள்ளை” என்றார். கற்பூரவள்ளியும் துளசியும் பழகிய மூக்குக்கு அது வியப்பாகவே இருக்கும். இலையில் மணமே இல்லை, கசப்பு மட்டும் உண்டு.

மருந்துக்காக வாங்க நினைப்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். 1773இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த லாரன்ஸ் வான் டெர்வியர் என்னும் மருத்துவர், வெறிநாய்க் கடிக்கு இது மருந்து என்று பயன்படுத்தத் தொடங்கினார். 1819இல் லைமன் ஸ்போல்டிங் என்னும் அமெரிக்க மருத்துவர் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அதனால்தான் இந்தச் செடிக்கு வெறிநாய் ஸ்கல்கேப் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வெறிநாய்க் கடியை இது குணப்படுத்தாது. கடிபட்டவர் உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். மனப்பதற்றத்தைத் தணிக்கவும் உறக்கத்துக்கும் இதன் இலைத் தேநீரை இங்கே நெடுங்காலமாக அருந்தி வந்திருக்கிறார்கள் என்றாலும், அதற்கான மருத்துவச் சான்று சிறிதளவே. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தூக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டாவது செய்தி அதைவிட முக்கியமானது. கடைகளில் ஸ்கல்கேப் என்று விற்ற காய்ந்த இலைகளில், ஈரலுக்குக் கேடு செய்யும் ஜெர்மாண்டர் என்ற செடியின் இலை கலந்திருந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பொடித்த பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. உயிருள்ள செடியில் பிரிப்பது எளிது: ஜெர்மாண்டரின் பூவில் மேலுதடு இல்லாததுபோலத் தோன்றும், புல்லிவட்டத்தின் முதுகில் அந்தச் சிறு தட்டும் இராது. வீட்டில் வளர்ப்பதற்கு என் மனத்தில் இருக்கும் முதற்காரணம் இதுதான். என் கையால் நட்டு, பூவை உறுதிசெய்து, பூக்கும் பருவத்தில் அரையடி விட்டு மேலே நறுக்கி நிழலில் காயவைத்தது எதுவென்று எனக்குத் தெரியும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. உரம் நான் போட்டதில்லை. இலையுதிர்காலத்தில் மேப்பிள் சருகை மூடிவிடுகிறேன். 2025 ஆவணியில் மழை பொய்த்து, நான் நீர் விடவும் தவறிய இரண்டு வாரங்களில் இலைகளில் வெண்பூஞ்சை படர்ந்தது. நோயுற்ற தண்டுகளை வெட்டி, மாலையில் ஊற்றாமல் காலையில் வேரோரம் நீர் விட்டதும் அடங்கியது. நிலத்தடித் தண்டுகள் ஆண்டுக்கு ஓரடிக்கு மேல் ஓடுகின்றன. புதினாவைப்போல முரடாகப் பரவுவதில்லை, மேலோட்டமாக இருப்பதால் கையாலேயே இழுத்து எடுக்கலாம். ஆயினும் குறுகிய பாத்தி உள்ளவர்கள் அகலமான சாடியில், அடியில் தட்டு வைத்து வளர்ப்பது நல்லது.

சென்ற புரட்டாசியில் புல்லிவட்டங்கள் பழுப்பாகி, மேல்மூடி தானே கழன்று விழத் தொடங்கியபோது, ஒவ்வொன்றிலும் இருந்த நான்கு சிறு விதைகளைக் காகிதத்தில் தட்டி எடுத்தேன். கேட்டிருந்த ஆறு நண்பர்களுக்கு அவற்றைப் பகிர்ந்து, ஒவ்வொரு பொதியிலும் ஸ்கூட்டெல்லாரியா லேட்டரிஃப்ளோரா என்ற முழுப்பெயரையும், சேகரித்த ஆண்டையும், அறுபது நாள் ஈரக் குளிர் என்பதையும், வைகாசி நடுப்பகுதி வரை மண்ணைக் கொத்த வேண்டாம் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.