சப்மிஷன் கிரைண்டர்: திரும்பி வரும் கதைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஆங்கில இதழ்களுக்குக் கதை, கவிதை அனுப்புகிறவர்கள் இதழ் தேடவும், எதை எங்கே அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்று குறித்துவைக்கவும் உதவும் இலவசத் தளம் 'தி சப்மிஷன் கிரைண்டர்'. இதே வேலையைச் செய்துவந்த டுவோட்ரோப் 2013-இல் கட்டணச் சேவையானது. அதே ஆண்டில் டயபாலிக்கல் பிளாட்ஸ் தளத்தினர் இதைத் தொடங்கினார்கள். பார்வைக்கு அழகில்லை. வேலை நடக்கிறது.

முதலில் படைப்பின் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். பிறகு எந்த இதழுக்கு என்றைக்கு அனுப்பினீர்கள் என்று ஒரு பதிவு. பதில் வந்ததும் அந்தத் தேதியும் பதிலின் வகையும். மறுப்பிலேயே இரண்டு உண்டு: எல்லோருக்கும் போகும் பொதுக் கடிதம், உங்கள் கதையைப் படித்து எழுதிய கடிதம். 'நன்றாக இருந்தது, ஆனால் எங்களுக்குப் பொருந்தவில்லை' என்ற வரியைக் கண்டதும் பலர் இரண்டாவதில் போட்டுவிடுகிறார்கள். கதையில் வரும் ஒரு பெயரோ காட்சியோ கடிதத்தில் இல்லையென்றால், அது பெரும்பாலும் பொதுக் கடிதம்தான்.

தளத்தின் பலமே ஒவ்வோர் இதழுக்கும் காட்டும் பதில் நாட்களின் வரைபடம். சராசரியை விட்டுவிடுங்கள், ஓராண்டு கழித்து வந்த இரண்டு பதில் போதும், எகிறிவிடும். குவியல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல இதழ்களில் மறுப்புகள் முன்னாலும் ஏற்புகள் சற்றுத் தள்ளியும் இருக்கும். வந்த கதைகளை ஆசிரியருக்கு முன்பே படித்துச் சலிக்கும் முதல் வாசகரைத் தாண்டிய கதை ஆசிரியரின் முறைக்காகக் காத்திருப்பதே காரணம். இதை வைத்து 'நாற்பது நாளாச்சு, தேறிடும்' என்று ஜோசியம் பார்ப்பது ஒரு வியாதி. ஆசிரியர் விடுமுறையில் இருக்கலாம். இதழ் தன் விதிகளில் சொன்ன கெடு தாண்டிய பிறகே விசாரித்து எழுதுங்கள். கிரைண்டர் கணக்கைக் காட்டி ஆசிரியரிடம் வாதாட வேண்டாம்.

ஏற்பு விழுக்காட்டையும் குறைத்தே மதிப்பிட வேண்டும். எல்லாம் எழுத்தாளர்கள் தாமாகத் தரும் தகவல்: தேர்வானவர் அன்றைக்கே பதிவார், ஏழாவது முறையும் மறுப்பு வாங்கியவர் சலித்துப்போய்ப் பதியாமல் விட்டுவிடுவார். பதிலே வராத கதைகளைப் பலர் முடித்துவைப்பதும் இல்லை.

பயன்படுத்தும் விதம் இதுதான். முதல் முறை அனுப்பும்போதே வகை, நீளம், சன்மானம் கொடுத்துத் தேடி, ஐந்து இதழ்களை வரிசையாகக் குறித்துவிடுங்கள். மறுப்பு வந்தால் யோசனையே வேண்டாம், அடுத்த பெயர். மறுப்பைப் படித்த சூட்டில் இதழ் தேட உட்கார்ந்தால் கதையையே கிழித்துத் திருத்தத் தோன்றும். இரண்டு கடிதம் ஒரே குறையைச் சொல்லும்வரை கை வைக்காதீர்கள். அனுப்பும் முன் இதழின் சொந்தப் பக்கத்தைத் திறந்தே ஆகவேண்டும். படைப்பு வாங்குவதை நிறுத்தியது கிரைண்டரில் தாமதமாக ஏறலாம். ஒரே கதையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப அனுமதி உண்டா என்பதும் அங்கேதான் உறுதி. அனுமதி இருந்து அனுப்பியிருந்தால், ஒன்று ஏற்ற அன்றே மற்றவற்றைத் திரும்பப் பெற்று, இங்கேயும் அப்படியே பதியுங்கள்.

நாவலுக்கு முகவர் தேடுகிறவர்கள் கொயரிடிராக்கர் பக்கம் போகலாம். இன்னொன்று: கிரைண்டர் எதையும் அனுப்பாது. இங்கே பதிந்ததும் கதை போய்விட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.