ஜிப்சிக்கு லோ கியர் செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: 68,500 ரூபாய்க்கு வந்து சேர்ந்தது பழைய கியர்

மாருதி ஜிப்சி கிங் வைத்திருப்பவர்களில், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) லோ விகிதத்தை இன்னும் இறக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பணம் அனுப்புங்கள். புத்தம் புதிய 4.16 கியர் செட் என்று சொல்லி என்னிடம் 68,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, பழைய 970 சிசி ஜிப்சியிலிருந்து கழற்றிய கியர்களைத் தேய்த்து மெருகேற்றி, எண்ணெய்த் தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று மாலைதான் கேஸைப் பிரித்து அதை உறுதி செய்தோம். எனக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காக இன்றே எழுதுகிறேன். எந்த வண்டிக்கு எந்த விகிதம் பொருந்தும், எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

ஏற்காட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச் சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் மண் பாதை செங்குத்தானது. மழைக்காலத்தில் அது முழுவதும் செம்மண் சேறு. அதற்காகவே ஜிப்சிக்கு 31 அங்குல டயர் போட்டோம். கம்பெனி டயரான 205/70 ஆர்15 சுமார் 26.3 அங்குல உயரம் கொண்டது. 31 அங்குலத்துக்கு மாறும்போது வண்டியின் கியர் விகிதம் முழுவதும் ஏறத்தாழ 18 சதவீதம் நீண்டுவிடுகிறது, அதாவது அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதலாக ஓடுகிறது. ஜிப்சி கிங்கின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் விகிதம், சாதாரண ஓட்டத்துக்கான ஹையில் 1.409, மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டுவதற்கான லோவில் 2.268. இந்த எண் கூடக் கூட வண்டி மெதுவாகவும் இழுவையோடும் நகரும், அதைத்தான் விகிதம் இறங்குவது என்கிறோம். இந்த 2.268 பெரிய டயரோடு போதவே போதாது. ஏற்றத்தில் கிளட்சை அரைக்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு பக்கம். என்னைப் பயமுறுத்தியது இறக்கம்தான். சேற்றில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். மிதிக்காவிட்டால் முதல் கியரிலும் வேகம் பிடிக்கும். லோ விகிதம் போதிய அளவு இறங்கியிருந்தால், பிரேக்கில் கால் வைக்காமலேயே எஞ்சினின் பிடியில் வண்டி நடந்து இறங்கும். பின்னால் மூட்டைகளோடு ஆட்களும் உட்கார்ந்து வருகிற வண்டி என்பதால், இதை நான் பொழுதுபோக்குக்காகத் தேடவில்லை.

சுசூகியின் இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு 4.16 முதல் 6.5 வரை பல விகிதங்களில் வெளிநாட்டில் கியர் செட் தயாரிக்கிறார்கள். நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. வாகன உதிரிபாகங்களை விற்கும் இணையச் சந்தை ஒன்றில், ஆஃப்ரோடு வண்டிகளை மாற்றியமைக்கும் பட்டறை ஒன்று 4.16 செட்டை விளம்பரம் செய்திருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். அந்த உரையாடலைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எடுத்தவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. டயர் என்ன அளவு, ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் கம்பெனியுடையதா, வண்டி வாரத்துக்கு எத்தனை நாள் தார்ச் சாலையில் ஓடும் என்று வரிசையாகக் கேட்டார். நான் 6.5 பற்றி விசாரித்தபோது, அது பாறை ஏறும் போட்டி வண்டிக்கானது, அதைப் பொருத்தக் கேஸின் உட்புறத்தைச் சற்றுத் தேய்த்து இடம் பண்ண வேண்டியிருக்கும், சேற்றில் சக்கரம் சுழல வேண்டிய நேரத்தில் அந்த விகிதத்தில் வேகமே இருக்காது, உங்களுக்கு வேண்டாம் அண்ணா என்றார். விலை கூடிய பொருளை வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொல்லும்போது யாருக்குத்தான் நம்பிக்கை வராது? 4.16 போட்டால் ஹை விகிதமும் 12 சதவீதம் அளவுக்கு இறங்கும், உங்கள் டயருக்கு அது நல்லதே என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. மேசையில் நீலத் துணி விரித்து, இன்புட் கியர், கவுண்டர் கியர், லோ கியர் மூன்றையும் அடுக்கி வைத்து எடுத்த காணொளியையும் அனுப்பினார். 68,500 ரூபாயை அந்தச் சந்தைத் தளத்தின் வழியாகவே கட்டினேன். வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு, பொருள் கைக்கு வந்து ஏழு நாள் கழித்தே விற்பவருக்குப் பணம் போகும் என்று அந்தத் தளமே எழுதி வைத்திருந்தது.

பெட்டி வந்த அன்று அவரே அழைத்தார். பொருத்திய பிறகு முதல் 500 கிலோமீட்டருக்கு ஹையிலேயே ஓட்டுங்கள், புதுக் கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று பழகட்டும், அதற்குள் லோவில் பாரம் கொடுத்தால் பற்கள் கெட்டுவிடும் என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார். அந்த அக்கறைக்கு என்ன பொருள் என்று நேற்றுதான் விளங்கியது. 500 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஏழு நாள் கடந்துவிடும். பணம் அவர் கைக்குப் போய்விடும்.

சாலையில் ஓட்டியபோது எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. நான்காம் கியரில் எஞ்சின் முன்பைவிடக் கூடுதலாகச் சுற்றியது, மேடுகளில் இழுவை நன்றாக இருந்தது. பிறகு தோட்டத்துப் பாதையில் லோவைப் போட்டு முதல் கியரில் இறக்கினேன். வண்டி பிடித்து நிற்கவில்லை. பழையபடியே வேகம் எடுத்தது. பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் பாதையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. ஓரத்து வரப்பில் சக்கரம் முட்டி நின்றதால் தப்பினோம். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பணம் போனதைக்கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணன் பழைய ஜிப்சிகளில் பல ஆண்டுகள் கை பழகியவர். கேஸைக் கழற்றுவதற்கு முன்பே அவர் ஒரு சோதனை செய்தார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியர் பாக்ஸை நியூட்ரலிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸை லோவிலும் வைத்து, கியர் பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் இருக்கும் குட்டை ஷாஃப்டிலும், பின்சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். நாங்கள் வண்டியை மெதுவாக நேராகத் தள்ளினோம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பத்துச் சுற்று சுற்றும்போது, உண்மையான 4.16 ஆக இருந்தால் குட்டை ஷாஃப்ட் 41 சுற்றைத் தாண்ட வேண்டும். கம்பெனி கியராகவே இருந்தாலும் 22 சுற்றுக்கு மேல் வரும். எங்களுக்கு வந்தது 25. அந்த எண்ணைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது.

970 சிசி எஞ்சினோடு 1985இல் வந்த முதல் ஜிப்சியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் விகிதம் ஹையில் 1.580, லோவில் 2.511. சிறிய எஞ்சின் என்பதால் அதற்கு அப்படிக் கொடுத்திருந்தார்கள். ஏமாற்றின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. 1.409இலிருந்து 1.580க்குப் போனால் ஹை விகிதம் சரியாக 12 சதவீதம் இறங்கும். விற்றவர் முன்கூட்டியே சொன்ன அதே 12 சதவீதம். ஆகவே சாலையில் ஓட்டும் எவருக்கும் 4.16 செட்டே உள்ளே இருப்பதாகத் தோன்றும். லோவில் கிடைப்பதோ வெறும் 11 சதவீதம். உண்மையான 4.16 கொடுத்திருக்க வேண்டியது 83 சதவீதம். என் டயர் ஏற்கெனவே 18 சதவீதத்தைத் தின்றுவிட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 68,500 ரூபாய் செலவழித்த பிறகும் என் வண்டியின் லோ, ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட மோசமாகவே இருக்கிறது.

கேஸைப் பிரித்ததும் மிச்சமும் தெரிந்தது. பற்களின் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அடிப்பகுதியில் பல ஆண்டு ஓட்டத்தில் விழும் சிறு குழிகள் அப்படியே இருந்தன. கவுண்டர் கியருக்குள் ஊசி பேரிங் ஓடிய தடம் விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டது. புதிய கியரில் இவை இருக்க முடியாது.

விற்றவரை அழைத்தேன். முதலில், டயர் பெரிதாக இருப்பதால் வித்தியாசம் தெரியவில்லை என்றார். சாக்பீஸ் சோதனைக்கும் டயருக்கும் சம்பந்தமில்லையே என்றதும், மெக்கானிக் பழைய கியரையே திரும்பப் போட்டிருப்பார் என்றார். என் பழைய கியர்கள் பட்டறை அலமாரியில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்படியானால் கூரியரில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம், போக வரச் செலவு உங்களுடையது என்றார். நீங்கள் விற்ற செட்டில் ஒவ்வொரு கியருக்கும் எத்தனை பற்கள் என்று மட்டும் எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அது தயாரிப்பாளரின் இரகசியம் என்று பதில் வந்தது. பற்களின் எண்ணிக்கையில் என்ன இரகசியம் இருக்க முடியும்? கையில் கியர் இருப்பவர் யாரும் எண்ணிப் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண்மணி மரியாதையாகவே பேசினார். கியர் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். வண்டி ஓடுகிறதா என்றார். ஓடுகிறது என்றேன். அப்படியானால் பொருளில் குறை இல்லையே சார் என்றார். விகிதம் என்றால் என்ன, 4.16க்குப் பதில் 2.511 வந்தால் மலைப் பாதையில் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பதிவு செய்த புகாரின் தலைப்பு, அளவு பொருந்தவில்லை என்பது. சட்டைக்கு எழுதுவதைப் போல எழுதியிருக்கிறார்கள். இன்று காலை அந்தப் புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஏழு நாள் கடந்துவிட்டது, மேலும் வண்டியில் பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். பொருத்தாமல் லோவில் ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று கேட்டு எழுதினேன். நன்றி, தங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் என்று இயந்திரப் பதில் ஒன்று வந்தது. 68,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான். கியரை மாற்றியதற்கும் மறுபடி பிரித்ததற்கும் ஆன கூலி தனி.

விகிதத் தேர்வைப் பற்றி விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 31 அங்குல டயரோடு ஜிப்சி கிங் ஓட்டி, சாலையிலும் காட்டுப் பாதையிலும் பயன்படுத்துபவர்களுக்கு 4.16 சரியான விகிதம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கியரின் பற்களின் எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். இன்புட் கியரின் பற்களால் அதனோடு சேரும் கவுண்டர் கியரின் பற்களை வகுத்து, லோ கியரின் பற்களை அதைச் சுழற்றும் கவுண்டர் கியரின் பற்களால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் லோ விகிதம் வந்துவிடும். ஹையில் இழுவை கூடியதை வைத்து எதையும் நம்பாதீர்கள். பொருத்திய அன்றே சாக்பீஸ் சோதனையைச் செய்யுங்கள், யார் எத்தனை கிலோமீட்டர் பொறுக்கச் சொன்னாலும் சரி.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் சேவையோடு நிற்காமல் அந்த அலுவலருக்கே எழுதுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம். நான் அதற்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அந்த விளம்பரம் இன்று காலையிலும் அதே தளத்தில் இருந்தது. நீலத் துணியின் மேல் மூன்று கியர்களை அடுக்கி எடுத்த படத்தோடு 4.16 செட் என்று கண்ணில் பட்டால், பணம் கட்டாதீர்கள்.