பாறைத்தேன், பொந்துத்தேன், பெட்டித்தேன்: எதற்கு எது மாற்று?

நீலகிரியில் தேனெடுக்கும் பழங்குடிகளான குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் தேனீப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டால், அவர்கள் பாறையில் தொங்கி உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்று பலரும் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அந்த யோசனை அடிப்படையிலேயே பிசகுகிறது. பாறையில் அடை கட்டும் தேனீ வேறு, பெட்டியில் வாழும் தேனீ வேறு.

பாறையில் கட்டும் மலைத்தேனீ ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். பூக்காலம் முடிந்ததும் இடம் பெயர்ந்துவிடும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. மரப்பொந்தின் இருட்டில் வரிசையாகப் பல அடைகள் கட்டும் அடுக்குத் தேனீதான் பெட்டிக்கு வரும். ஆகவே பெட்டிக்குப் போட்டி பொந்துத்தேன்தான்.

அந்தப் போட்டியில் பெட்டிக்கே என் ஓட்டு. கோடரியால் பொந்தின் வாயை அகலமாக்கி அடைகளை வழித்தெடுத்தால் தேனீக் குஞ்சுகளான புழுக்களும் அழியும், கூடும் பாழாகும். எடுத்த பின் வாயைக் கல்லாலும் மண்ணாலும் மூடிவிட்டு வரும் பொறுப்பான கைகளும் உண்டு. ஆனாலும் அடை போனது போனதுதான். பெட்டியில் புழு அறை கீழே, தேன் அறை மேலே. அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை உருவி, இயந்திரத்தில் சுற்றித் தேனை எடுத்துவிட்டு, வெற்று அடையைத் திரும்ப வைத்துவிடலாம். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனைச் செலவழிக்கின்றன என்பதால் அது பெரிய மிச்சம்.

பெட்டிக்கும் தொல்லைகள் உண்டு. எறும்பு ஏறும், கரடி உடைக்கும், பூவில்லாத மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். வேலைக்காக நாள்கணக்கில் காட்டுக்குள் போகிறவரால் இதையெல்லாம் கவனிக்க இயலாது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. பெட்டியை மட்டுமே நம்பச் சொல்வது எனக்கு அச்சமூட்டுகிறது.

பாறைத்தேனுக்கு வருவோம். காட்டுக்கொடியை முறுக்கிச் செய்த ஏணி விளிம்பிலிருந்து தொங்குகிறது. இறங்குகிறவர் பச்சிலை சுற்றிய காய்ந்த சுள்ளிக் கட்டைக் கொளுத்திப் புகை மூட்டுகிறார். மேலே ஏணியைக் காப்பவர் அவருடைய மைத்துனர்; தன் உடன்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாது என்று நினைப்பவரை நம்பித்தானே உயிரை ஒப்படைக்க முடியும்! இந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அடையைக் கிட்டத்தில் பார்த்தால் மேல் மூலையில் தடித்த, வெளிறிய தேன் பகுதி. அதன் கீழே கறுத்த புழுப் பகுதி. தேன் பகுதியை மட்டும் அறுத்தால் புழுக்கள் பிழைக்கும், முழு அடையையும் அறுத்தால் ஒரு தலைமுறையே போய்விடும். அறுத்ததைக் கையால் பிழியும்போது புழுச்சாறும் மகரந்தமும் கலக்கின்றன. இயல்பிலேயே ஈரம் மிகுந்த மலைத்தேன் இப்படிக் கலந்தால் இன்னும் விரைவில் புளிக்கும், வாங்குபவர் விலையைக் குறைப்பார். முழு அடையையும் அறுப்பது, கையால் பிழிவது: திருத்த வேண்டியது இந்த இரண்டையும்தான். தொழிலையே கைவிடச் சொல்வது அநியாயம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சேகரிக்கும் உரிமையை இந்தப் பழங்குடிகளுக்கு உறுதி செய்திருக்கிறது.

ஊரை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டு மூன்று பெட்டிகள் கொடுக்கலாம். பாறைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியவை உறுதியான பாதுகாப்புக் கயிறு, சுத்தமான வடிதுணி, இறுக மூடும் எவர்சில்வர் பாத்திரம்.