ஒய் இல்லாம வந்த மரபியல் கிட்

பையன் பத்தாவது, தமிழ் மீடியம். ஓங்கு (அம்மா அப்பா யாராவது ஒருத்தர்கிட்டேருந்து வந்தாலே வெளிய தெரியற பண்பு), ஒடுங்கு (ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தாதான் தெரியற பண்பு)ன்னு மனப்பாடம் பண்றான், கேட்டா ஒண்ணும் புரியலங்கறான், சரின்னு ஆன்லைன்ல 649 ரூபாய்க்கு இந்த கிட்ட வாங்கிட்டேன். பிரிச்சு எண்ணுனா வெல்க்ரோ குரோமோசோம் 45தான் இருக்கு, 46 இருக்கணும். காணாம போனது ஒய், ஆண் பிள்ளைன்னு தீர்மானிக்கிற குரோமோசோம். "அப்ப இந்த பெட்டில பொண்ணு மட்டும்தான்மா பொறக்கும்"னு ஒரே சிரிப்பு அவனுக்கு. கஸ்டமர் கேர்ல சொன்னா போட்டோ அனுப்புங்கறாங்க, இல்லாத பீஸ எப்படிங்க போட்டோ எடுக்கறது? கடைசில சார்ட் அட்டைல நாங்களே வெட்டிகிட்டோம்.

ஆனா அந்த ரத்த வகை பை இருக்கே, அதுக்கே காசு தரலாம். நான் ஏ, அவர் பி, பையன் ஓ. எப்படி ஓ வந்துச்சுன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தான். என் பைல ஏ வில்லை ஒண்ணு ஓ வில்லை ஒண்ணு, அப்பா பைல பி ஒண்ணு ஓ ஒண்ணு (ஓ ஒடுங்கு, அதான் எங்க ரெண்டு பேர்கிட்டயும் வெளிய தெரியல), கண்ண மூடிட்டு ரெண்டுலேருந்தும் ஒண்ணொண்ணு எடுக்கணும். நாலாவது தடவையே ரெண்டு ஓவும் சேந்து வந்துச்சு, "ஐயோ இது நான்தான்"னு கத்துனான். 40 தடவை எடுத்ததுல ஓ 13, கணக்குப்படி 10தானே வரணும்னு சண்டை வேற. நாலுல ஒண்ணுன்னா நாலு பிள்ளைல ஒண்ணு கண்டிப்பா ஓன்னு அர்த்தம் இல்லடா, ஒவ்வொரு தடவையும் புதுசா பைக்குள்ள கை விடுறோம்னு சொன்னதும்தான் அடங்குனான்.

இனி கோவம் வந்த இடம். நாக்க உருட்டுறது ஓங்கு பண்பு, ஒரே ஜீன்தான்னு ஒரு கார்டு. எனக்கும் அவருக்கும் நாக்கு உருளாது, பையன் அழகா குழல் மாதிரி உருட்டுறான். கார்டுப்படி அப்படி ஒரு பிள்ளை எங்களுக்கு பொறக்கவே முடியாது! மாமியார் கார்ட வாங்கி படிச்சிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. 1940ல ஸ்டர்டிவான்ட்னு ஒரு மரபியல் விஞ்ஞானி எழுதுன சமாச்சாரம் அது, 1952லயே ஒரே கரு இரட்டையர் 33 ஜோடிய பாத்ததுல 7 ஜோடில ஒருத்தருக்கு உருளும் இன்னொருத்தருக்கு உருளாதுன்னு வந்துடுச்சு, ஜீன் அச்சா ஒண்ணா இருக்கறவங்களுக்கே இப்படின்னா ஒரே ஜீன் கதை எங்க நிக்கும்? இன்னும் அதையே அச்சடிச்சு விக்கிறாங்க.

விளக்கத் தாள் மொத்தமும் இங்கிலீஷ், தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு யாராவது கூட உக்காரணும். மூணு ஸ்டார். அந்த நாக்கு கார்ட மட்டும் கிழிச்சு போட்டுட்டேன், மாமியார் முன்னாடியே.